நகரமும் நியாயமும் – 9: வாடகைக்கு ஒரு வீடு

நியூயார்க் நகரத்தின் நிலம், நிதி, ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றி முடிவான தீர்மானம் செய்யும் அதிகாரம், அந்நாளில், மேயரும் நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளின் தலைவர்களும் முதலானோர் அடங்கிய மதிப்பீட்டு மன்றம் என்னும் சபையிடம் இருந்தது. அந்தச் சபை 1943 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3 ஆம் தேதி அங்கீகரித்த ஓர் ஒப்பந்தத்திலிருந்தே இந்த அத்தியாயத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், தன் எல்லைக்குள் வசிப்பவர்களைப் பாகுபாட்டிலிருந்து காப்பது தன் கடமை என்று பின்னாளில் சட்டம் இயற்றி அமெரிக்க நகரங்களுக்கெல்லாம் வழிகாட்டிய அதே நகர அரசு, அன்றைய தினம் தன் கையாலேயே பாகுபாட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தது.

ஒப்பந்தத்தின் விஷயம் இதுதான். மன்ஹாட்டன் தீவின் கீழ்ப்புறத்தில், பதினான்காம் தெருவுக்கும் இருபதாம் தெருவுக்கும் இடையே, ராட்சத எரிவாயுத் தொட்டிகள் நின்றிருந்த காரணத்தால் காஸ் ஹவுஸ் வட்டாரம் என்று பெயர் பெற்ற பழைய குடியிருப்புப் பகுதி ஒன்று இருந்தது. அங்கிருந்த பதினெட்டுத் தெருக்கட்டங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கி, அவ்விடத்தில் நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கென ஸ்டைவசண்ட் டவுன் என்ற பெயரில் 8,755 வீடுகள் கொண்ட அடுக்கு மாளிகைகளைக் கட்டுவதற்கு, மெட்ரோபாலிடன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்வந்தது. முதல் போட்டது கம்பெனிதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிலத்தை உரிமையாளர்களின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுநலத்தின் பெயரால் கையகப்படுத்திக் கொடுத்தது நகர அரசு. அதற்குள் ஓடிய பொதுத் தெருக்களை மூடிக் கம்பெனியிடம் ஒப்படைத்தது நகர அரசு. கட்டடங்களின் மதிப்பு உயர்ந்ததற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வரி இல்லையென்று விலக்களித்ததும் நகர அரசே. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் வெளியேறினார்கள்.

இவ்வளவு பெரிய பொதுச் சலுகையைப் பெற்றுக்கொண்ட கம்பெனியின் தலைவர் ஃப்ரெடரிக் எக்கர், கறுப்பர்களுக்கு அங்கே இடமுண்டா என்று கேட்கப்பட்டபோது, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்வது நடவாத காரியம் என்றும், இன்னும் ஒரு நூற்றாண்டு கழித்து வேண்டுமானால் நடக்கலாம் என்றும் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். திரைமறைவில் நடந்த சூழ்ச்சி என்று இதைச் சொல்வதற்கில்லை. சபையினர் எல்லோரும் அறிந்திருந்தார்கள்; அறிந்தே கையெழுத்திட்டார்கள். திட்டத்துக்கு முழுப் பலமாக நின்ற ராபர்ட் மோசஸ், பூங்காக்களையும் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் கட்டி அந்த நகரத்தின் உருவத்தையே மாற்றிய பெரும் நிர்வாகி. நிபந்தனை விதித்தால் தனியார் முதல் வராது என்பதே அவருடைய வாதம். மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியாவோ ஏழைகளின் நண்பர், இத்தாலியக் குடியேறியின் மகன், இனத்துவேஷத்தை மனமார வெறுத்தவர். அப்படிப்பட்டவர் தயக்கத்தோடு இசைந்தார் என்பது வரலாறு. தயக்கத்தோடு இட்ட கையெழுத்துக்கும் உற்சாகத்தோடு இட்ட கையெழுத்துக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு கிடையாது. வீடு மறுக்கப்பட்டவனின் முன்னும் கிடையாது.

இது நடந்து இரண்டு மாதம் முழுமையாகச் செல்வதற்குள், ஆகஸ்டு முதல் தேதி இரவு, கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த ஹார்லெம் வட்டாரம் பற்றியெரிந்தது. பிராடாக் ஓட்டலில் ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் ஒரு கறுப்புப் பெண்ணைக் கைது செய்ய முயன்றார்; அங்கிருந்த கறுப்பினப் படைவீரர் ஒருவர் குறுக்கிட்டார்; போலீஸ்காரர் சுட்டார்; வீரருக்குக் காயம் மட்டுமே. ஆனால் அவர் தன் தாயின் கண்ணெதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார் என்ற வதந்தி தெருத்தெருவாகப் பரவியது. பொழுது விடிவதற்குள் ஆறு பேர் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானவர் காயமுற்றார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. லா கார்டியா அந்த இரவெல்லாம் கறுப்பினத் தலைவர்களை உடன் வைத்துக்கொண்டு ஹார்லெமின் வீதிகளில் சுற்றி, வானொலியில் திரும்பத் திரும்பப் பேசி, அமைதி காக்கும்படி மன்றாடினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் டெட்ராய்ட் நகரில் முப்பத்துநான்கு உயிர்களைக் குடித்த கலவரத்தோடு ஒப்பிட்டால், நியூயார்க்கில் சேதம் குறைவாக முடிந்ததற்கு மேயரின் அன்றைய நடத்தையும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் இதற்கு முன்னரும் இந்நகரம் இப்படி ஒரு பாடத்தைக் கேட்டுவிட்டு மறந்திருந்தது. 1935 ஆம் ஆண்டில் ஹார்லெமில் கலகம் மூண்டபோது இதே மேயர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். சமூகவியல் அறிஞர் ஃப்ராங்க்ளின் ஃப்ரேஸியர் அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். வேலை மறுப்பு, அதிக வாடகை, நெரிசல், ஆஸ்பத்திரியில் அலட்சியம், போலீஸின் முரட்டுத்தனம் என்று வரிசையாக அத்தனையையும் குழு எடுத்துரைத்தது. அந்த அறிக்கையை மேயர் வெளியிடவில்லை. மறு ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்னும் கறுப்பினப் பத்திரிகைதான் அதை மக்கள் கண்ணில் காட்டியது. நோயின் பெயரைத் தெரிந்துகொண்ட பின்னும் அதை வாய்விட்டுச் சொல்லத் துணியாத அரசு, எட்டாண்டுகள் கழித்து அதே வீதிகளில் அதே துயரத்தைச் சந்தித்ததில் வியப்பேதும் இல்லை.

இரண்டாம் முறையாவது ஏதேனும் நிலையாகச் செய்யவேண்டும் என்ற எண்ணம் 1944 பிப்ரவரியில் உருப்பெற்றது. மேயரின் ஒற்றுமைக் குழு என்ற பெயரில் ஓர் அமைப்பு ஏற்பட்டது. அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஹியூஸின் மகனும் சிறந்த வழக்கறிஞருமான இளைய சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அதற்குத் தலைவரானார். டெக்ஸஸ் மாநிலத்திலிருந்து வந்த டான் டாட்ஸன் என்ற சமூகவியல் பேராசிரியர் அதன் நிர்வாக இயக்குநர். கல்லூரிகளும் மருத்துவப் பள்ளிகளும் யூத மாணவர்களையும் கறுப்பின மாணவர்களையும் எவ்வாறு நாசூக்காகக் கழித்துக்கட்டுகின்றன என்பதை இக்குழு ஆராய்ந்து சொன்னது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்ஸன் 1947 இல் பிரவேசிப்பதற்கு முன்னர், அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்கு டாட்ஸன் அந்தரங்க ஆலோசகராகத் துணை நின்றார். இவை சிறிய சேவைகள் அல்ல. ஆனால் குழுவுக்குச் சட்ட அதிகாரம் என்பது ஒரு துளியும் இல்லை: ஆராயலாம், அறிவுரை கூறலாம், இரு தரப்பாரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசலாம், வர மறுப்பவனை வரவழைக்க முடியாது.

அதிகாரம் வேண்டுமானால் அது நகர சபையிலிருந்தே வரவேண்டும். அந்தச் சபையில் அப்போது ஸ்டான்லி ஐசக்ஸ் என்பவர் இருந்தார். குடியரசுக் கட்சிக்காரர், முன்னர் மன்ஹாட்டன் பகுதியின் தலைவராக இருந்தவர், பெரும்பான்மை முழுதும் ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த அவையில், எதிர்க்கட்சி வரிசையில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களுள் ஒருவராக அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் வாதாடிய பெரியவர். இவரும் ஹார்லெமின் பிரதிநிதியாகிய கம்யூனிஸ்டு உறுப்பினர் பெஞ்சமின் டேவிஸும், கட்சியால் இரு துருவங்களாயினும், 1944 இல் ஒன்றுகூடி ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள்: இனிமேல் எழும் எந்தக் குடியிருப்புத் திட்டமும் குடியேறுவோரிடம் இனவேறுபாடு காட்டினால் நகரத்தின் வரிவிலக்கு அதற்குக் கிடையாது. இனிமேல் என்ற அந்த ஒரு சொல்லில் ஸ்டைவசண்ட் டவுன் தப்பிவிட்டது. கம்பெனியும் தன் பங்குக்குக் கறுப்பினத்தாருக்கென்று ஹார்லெமில் ரிவர்ட்டன் என்ற தனிக் குடியிருப்பைக் கட்டித் தருவதாக அறிவித்தது. உனக்கும் வீடு உண்டு, ஆனால் அங்கே என்று சொல்லும் அந்தத் தர்மம் எத்தகையது என்பதைச் சேரி என்ற சொல்லோடு பழகிய நம்மவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தது. 1947 ஆகஸ்டில் முதற்குடும்பங்கள் ஸ்டைவசண்ட் டவுனில் குடியேறின. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அங்கே முன்னுரிமை என்று விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய அந்நாளில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. விண்ணப்பித்த கறுப்பின வீரர்களுள் ஜோசஃப் டார்ஸி என்பவரும் ஒருவர். தேசத்துக்காகச் சீருடை அணிந்தவர், தம்முடைய நகரத்தின் வரிப்பணச் சலுகையால் எழுந்த வீட்டில் குடியிருக்கத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டார். வழக்குத் தொடுத்தார். வீட்டுவசதித் துறையில் அக்காலத்தில் ஈடிணையற்ற அறிவு பெற்றிருந்த சார்லஸ் ஏப்ரம்ஸும், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த தர்குட் மார்ஷலும் அந்த வழக்கில் பாடுபட்டவர்கள்.

வழக்கின் மையக்கேள்வி, நம் நாட்டிலும் இன்றுவரை பல உருவங்களில் எழுந்துகொண்டே இருப்பது: தனியாரின் செய்கை எப்போது அரசின் செய்கை ஆகிறது? சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் விதிக்கிறது. ஆனால் அந்த விதி கட்டுப்படுத்துவது அரசையே அன்றித் தனி மனிதரையோ தனிக் கம்பெனியையோ அன்று. நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1949 ஜூலையில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. உதவி பெற்றதனாலேயே கம்பெனி அரசாகிவிடாது என்றது பெரும்பான்மை. அதோடு நில்லாமல், இந்த விலக்கலைப் பற்றி நகரசபையோரும் மாநிலச் சட்டசபையோரும் முன்னரே அறிந்திருந்தும் தடை விதிக்காமல் விட்டார்கள் என்பதையும் எடுத்துக்காட்டிற்று. 1943 ஜூன் மாதத்துத் தயக்கக் கையெழுத்து, ஆறாண்டுகள் கழித்து, அதை இட்டவர் மறைந்த பின்னர், இப்படி நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நின்றது. மறுத்தெழுதிய நீதிபதி ஸ்டான்லி ஃபுல்ட், நிலத்தை எடுத்துக் கொடுத்ததும் தெருவை மூடிக் கொடுத்ததும் வரியைத் தள்ளிக் கொடுத்ததும் அரசாயிருக்க, அதன் மேல் எழுந்த கட்டடம் மட்டும் எவ்வாறு முற்றிலும் தனியார் சொத்தாகும் என்று வினவினார். மறு ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்த நாளிலேயே நீதிமன்றத்துக்கு வெளியே தொடங்கி நடந்ததுதான் இந்தச் சரித்திரத்தில் என் நெஞ்சை மிகவும் கவர்ந்த பகுதி. எதிர்ப்பு, வெளியே நின்றவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. மலிவான வாடகையும் பூந்தோட்டமும் காற்றோட்டமும் கிடைத்து உள்ளே சுகமாகக் குடியேறியிருந்த வெள்ளையர்களிடமிருந்தே வந்தது. 1948 இல் அவர்களுள் சிலர் சேர்ந்து, ஸ்டைவசண்ட் டவுனில் பாகுபாட்டை ஒழிப்பதற்கான குடியிருப்போர் குழு ஒன்றை அமைத்தார்கள். அண்டை அயலாரின் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பர்களை அனுமதிப்பதற்குச் சம்மதம் என்றே சொன்னார்கள். வெள்ளையர் மனம் ஒப்பாது என்று கம்பெனி கூறிவந்த காரணம் அந்த அளவில் பொய்யாயிற்று.

குழுவின் துணைத் தலைவர்களுள் ஒருவர் லீ லார்ச் என்ற கணிதப் பேராசிரியர். யுத்தத்தில் பணியாற்றித் திரும்பியவர். நகரத்துக்குச் சொந்தமான சிட்டி கல்லூரியில் ஆசிரியர். 1949 இல் அந்த வேலை அவருக்கு நீட்டிக்கப்படவில்லை. பென்ஸில்வேனியாவில் வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்துப் புறப்பட்டவர், தாம் வாடகைக்கு வைத்திருந்த வீட்டைக் காலி செய்யாமல், சிட்டி கல்லூரி மாணவரும் முன்னாள் படைவீரருமான ஹார்டீன் ஹெண்ட்ரிக்ஸ் என்ற கறுப்பினத்தவரின் குடும்பத்தைத் தம் விருந்தினராக அங்கே குடிவைத்தார். கம்பெனி வாடகைக் காசோலையை வாங்க மறுத்தது. புதிய கல்லூரியின் நிர்வாகத்தார் லார்ச்சை அழைத்து, இப்படி ஒரு குடும்பத்தைத் தங்கவைத்திருப்பது நெறிக்கும் சட்டத்துக்கும் புறம்பான தீவிரச் செயல் என்று கடிந்து, அவரை மறு ஆண்டே விலக்கினார்கள்; ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் போன்றவர்கள் கண்டித்தும் பயனில்லை. தம் வீட்டை விருந்தினருக்குத் திறந்துவைத்த குற்றத்துக்காக ஒரு பேராசிரியர் தம் பிழைப்பை இழந்தார் என்பதை, விருந்தோம்பலை அறமென்று போற்றும் மரபில் வந்த நாம் சற்றே நின்று சிந்திக்கலாம்.

இந்தச் சிறு குழுவினரின் பிடிவாதம் நகர மண்டபத்தை அசைத்தது. டேவிஸ் இருந்த இடத்துக்கு 1949 தேர்தலில் அவரைத் தோற்கடித்து வந்தவர் எர்ல் பிரவுன்; லைஃப் சஞ்சிகையில் எழுதிவந்த கறுப்பினப் பத்திரிகையாளர். அவரும் ஐசக்ஸும் சேர்ந்து கொண்டுவந்த பிரவுன்–ஐசக்ஸ் சட்டத்தில் மேயர் இம்பெலிட்டேரி 1951 மார்ச்சில் கையொப்பமிட்டார். நகரத்தின் உதவியைப் பெற்ற எந்தக் குடியிருப்பும், ஏற்கனவே எழுந்துவிட்டவை உட்பட, இனம், நிறம், மதம், பூர்விக தேசம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கக்கூடாது. 1944 இல் தப்பிய ஸ்டைவசண்ட் டவுன் இப்போது அகப்பட்டது. நீதிபதி ஃபுல்ட் தோற்ற வாதத்தில் சொன்னதை நகரசபை சட்டமாகவே எழுதிவைத்தது.

கம்பெனி வேறொரு வழியில் பதில் கூறியது. குழுவில் முன்னின்ற பத்தொன்பது குடும்பங்களை வெளியேற்ற நோட்டீசு அனுப்பிற்று. 1952 ஜனவரியில், சாமான்களைத் தெருவில் எடுத்துவைக்க ஆட்கள் வரும் தறுவாயில், நகர மண்டபத்தின் வாசலிலும் கம்பெனியின் தலைமையகத்தின் வாசலிலும் மறியல் நடந்தது. கடைசி நேரத்தில் சமரசம் ஏற்பட்டது. ஹெண்ட்ரிக்ஸ் குடும்பத்துக்குச் சொந்தப் பெயரில் வீடு கிடைத்தது. லார்ச் குடும்பம் உள்ளிட்ட சிலர் தாமாக வெளியேற இசைந்தார்கள். சட்டம் வந்துவிட்டதே தவிர, கதவு பெரிதாகத் திறந்துவிடவில்லை: 1960 ஆம் ஆண்டில் கூட அங்கே வசித்த கறுப்பர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவையும் எட்டவில்லை. நகரத்தின் மனித உரிமைக் கமிஷன் 1968 இல் அதே கம்பெனியின் மீது பாகுபாட்டுக் குற்றம் சாட்டி நடவடிக்கை தொடங்கிய பிறகே நிலைமை மெய்யாக மாறலாயிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறிய ஒரு வரி குடியிருப்பின் படிக்கட்டில் ஏறுவதற்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கமிஷன் எப்படிப் பிறந்தது என்பதை இனிச் சொல்லவேண்டும். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்க நியூயார்க் மாநிலம் 1945 இலேயே நாட்டின் முதற்சட்டத்தை இயற்றியிருந்தது. நகரத்துக்கோ பல்லின்றி, நாவு மட்டுமுள்ள ஒற்றுமைக் குழுதான் இருந்தது. இதற்கிடையில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஆயிரமாயிரம் மக்கள் வந்து குவிந்தார்கள். தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வருவதும் நின்றபாடில்லை. மேயர் ராபர்ட் வாக்னர் காலத்தில், 1955 ஆம் ஆண்டில், உள்ளூர்ச் சட்டம் ஒன்றின் மூலம் பின்னாளில் மனித உரிமைக் கமிஷன் என்று பெயர் மாறிய சமூகங்களிடை உறவுக் கமிஷன் என்னும் நிலையான அரசுத்துறை ஏற்பட்டது. முதல் தலைவர் புகழ்பெற்ற பத்திரிகாசிரியர் ஹெர்பர்ட் பேயார்ட் ஸ்வோப். நிர்வாக இயக்குநராக வந்தவர் ஃப்ராங்க் ஹார்ன். பாடகி லீனா ஹார்னின் சிற்றப்பா. ஹார்லெம் மறுமலர்ச்சிக் காலத்தில் கவிஞராக அறியப்பட்டவர். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையில் பல்லாண்டுகள் இன உறவு ஆலோசகராக இருந்து, கடன் உத்தரவாதம் என்னும் உருவில் அரசுப் பணமே எவ்வாறு புறநகர்களைச் சுற்றி நிறவேலி கட்டுகிறது என்பதை உள்ளிருந்து கண்டவர். அதை எடுத்துச் சொன்ன குரல் ஐஸனோவர் ஆட்சியினருக்கு உவப்பாக இல்லாமற்போய் அங்கிருந்து நீக்கப்பட்டவர். வாஷிங்டன் வேண்டாமென்று தள்ளிய அந்த அனுபவம் நியூயார்க்குக்குப் பெரும் செல்வமாக வாய்த்தது.

சட்டத்தின் எல்லையும் படிப்படியாக விரிந்துகொண்டே வந்தது. 1944 இல் வரிவிலக்குப் பெறும் புதிய திட்டங்கள்; 1951 இல் நகர உதவி பெற்ற எல்லாத் திட்டங்களும்; 1954 இல் அரசின் கடன் உத்தரவாதம் பெற்ற அடுக்குவீடுகள். ஒவ்வொரு படியிலும் ஒரே நியாயந்தான் பேசிற்று: பொதுப் பணம் எங்கே செல்கிறதோ அங்கே பொது நீதியும் உடன் செல்லவேண்டும். இனி எஞ்சியிருந்தது, அரசிடம் ஒரு காசும் பெறாமல் தன் சொந்தப் பணத்தில் கட்டிய தனியாரின் வீடு. இங்கே பழைய நியாயம் போதாது. என் வீட்டில் யாரைக் குடிவைப்பது என்பது என் இஷ்டம் என்று சொல்பவனிடம், வாடகைக்கு விடுவது ஒரு வியாபாரம், வியாபாரம் நடப்பது நகரத்தின் தெருவில், அந்தத் தெருவில் எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை சமம் என்று சொல்லும் துணிவு வேண்டியிருந்தது.

1957 ஆம் ஆண்டில் அத்தகைய மசோதா ஒன்றை ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவரான புரூக்ளின் ஜோசஃப் ஷார்க்கி, பிரவுன், ஐசக்ஸ் மூவரும் கொண்டுவந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள் கொதித்தெழுந்தன: சொத்துரிமை பறிபோகிறது, வெள்ளையர் புறநகர்களுக்கு ஓடிவிடுவார்கள், மனைவிலை சரியும் என்றார்கள். கறுப்பின மக்களின் சங்கங்களும் யூத காங்கிரஸும் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் மறுபக்கம் நின்றன. வீட்டுவசதியில் பாகுபாட்டை எதிர்க்கும் குழுவினர் ஓயாது உழைத்தார்கள். மசோதா கோடைக்காலம் முழுவதும் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில், செப்டம்பர் மாதம் 4 ஆம் தேதி, ஆர்க்கன்ஸாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளியில் சேரச் சென்ற எலிசபெத் எக்ஃபோர்டு என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண்ணை வெறிகொண்ட கும்பல் ஒன்று சூழ்ந்து வசைபாடித் துரத்தியது. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தனியே அமர்ந்திருந்த அந்தப் பெண்ணின் அருகே கும்பலைக் கடந்து வந்து நின்று, அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூடவே சென்றவர் ஒரு வெள்ளை மாது. அவர் பெயர் கிரேஸ் லார்ச். ஸ்டைவசண்ட் டவுனை விட்டுப் போன அதே லீ லார்ச்சின் மனைவி. கல்லூரிக்குக் கல்லூரி மாறி, கறுப்பினத்தாரின் கல்லூரி ஒன்றில் கணவருக்கு வேலை கிடைத்து அந்த ஊருக்கு அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். எந்தக் கொள்கைக்காகத் தங்கள் நகரத்தில் வீடிழந்தார்களோ, அந்தக் கொள்கை அங்கே சட்டமாகும் மாதங்களில், ஆயிரம் மைலுக்கு அப்பால் அந்தக் குடும்பம் அதையே தெருவில் நின்று கடைப்பிடித்துக்கொண்டிருந்தது. லிட்டில் ராக் காட்சிகளைப் பத்திரிகைகளில் பார்த்து வடக்கத்தியர் முகம் சுளித்தார்கள். நம் நகரத்தின் வாடகை வீடுகளில் நடப்பது மட்டும் என்ன என்று கேட்பவர்களுக்கு அது ஒரு வலுவைத் தந்தது.

டிசம்பர் 5 ஆம் தேதி மசோதா சபையில் நிறைவேறிற்று. அம்மாதம் 30 ஆம் தேதி மேயர் வாக்னர் கையொப்பமிட்டார். 1958 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அரசு உதவி எதுவும் பெறாத தனியார் வீடுகளில் இனப்பாகுபாட்டைத் தடுத்த சட்டங்களுள் அமெரிக்காவிலேயே முதலாவது இது. மூன்று குடித்தனங்களுக்குக் குறையாத அடுக்குவீடுகளும், பத்து வீடுகளுக்குக் குறையாத வீட்டுத் தொகுதிகளும் இதன் வரம்புக்குள் வந்தன. அன்று எழுதப்பட்ட காரணங்களின் பட்டியல் குறுகியது. பின்னர் வந்த தலைமுறைகள் அதை நீட்டிக்கொண்டே வந்தன. அந்த நீட்சியில்தான், வேறொரு நகரமாகிய சியாட்டிலின் சபை 2023 பிப்ரவரியில், தடுக்கப்பட்ட பாகுபாடுகளின் வரிசையில் ஜாதியையும் சேர்த்தது. தெற்காசியர்கள் கடல் கடந்தும் உடன் கொண்டுசென்ற அந்தப் பழைய சுமைக்கு அமெரிக்க நகரச் சட்டமொன்றில் இடம் கொடுக்கவேண்டி வந்தது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று, எனினும் நியாயமான செய்தி.

சட்டம் செயற்பட்ட விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வீடு மறுக்கப்பட்டவர் கமிஷனிடம் புகார் எழுதித் தருவார். கமிஷனின் அலுவலர் நேரில் சென்று விசாரிப்பார். மறுப்புக்கு ஆதாரம் உண்டென்று தோன்றினால் வீட்டுக்காரரை அழைத்து இரகசியமாகப் பேசி இணக்கம் காண முயல்வார். இணக்கம் ஏற்படாவிட்டால் விவகாரம் மேயர் நியமித்த நியாய வீட்டு வாரியத்துக்குச் செல்லும்; வாரியம் பரிந்துரைத்தால் நகரத்தின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தை அணுகி ஆணை கேட்பார். இத்தனை படிகளை ஏறி முடிவதற்குள் நாட்கள் செல்லும். வீட்டுக்காரரோ அதற்குள் வேறொருவரைக் குடிவைத்துவிடுவார். தமக்கு ஒரு வீடு தேவைப்பட்டு வந்த மனிதருக்கு நியாயம் கிடைத்து வீடு கிடைக்காமற்போவது சட்டத்தின் பெருங்குறை என்று அதன் ஆதரவாளர்களே சொன்னார்கள்.

மறுப்பை நிரூபிப்பது இன்னும் கடினம். உன் நிறத்துக்காக வீடு இல்லை என்று எவரும் சொல்வதில்லை. இப்போதுதான் வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டோம் என்று புன்னகையோடு சொல்வார்கள். இந்தப் பதில் நம் ஊர்களில் வீடு தேடி அலைந்த பலருக்கும் பழக்கமானதே. இதை உடைக்க ஓர் எளிய உபாயம் வழக்கத்துக்கு வந்தது: கறுப்பினத் தம்பதி திருப்பி அனுப்பப்பட்ட சற்று நேரத்துக்கெல்லாம், அதே வருமானமும் அதே குடும்ப அளவும் உள்ள வெள்ளைத் தம்பதி அதே கதவைத் தட்டுவார்கள்; முன்பணம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட வீடு அவர்களுக்கு மட்டும் காலியாக இருக்கும். இன சமத்துவ காங்கிரஸின் தொண்டர்கள் இந்தச் சோதனையை ஊக்கத்தோடு நடத்தினார்கள். சாட்சியம் கைக்கு வந்த பிறகு இணக்கப் பேச்சும் வேறு தொனியில் நடக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகம் நியூயார்க்கில் அமைந்தபின், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த பணியாளர்களும் பிரதிநிதிகளும் வீட்டுச் சந்தையில் அதே சுவரில் முட்டிக்கொண்டார்கள். குவீன்ஸ் பகுதியில் பார்க்வே வில்லேஜ் என்ற குடியிருப்பு 1947 இல் அவர்களுக்கென எழுந்தது. நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்ச் அங்கே வசித்தவர். உலக சமத்துவத்தைப் பற்றி மாநாடு கூட்டும் நகரத்தில் மாநாட்டுக்கு வந்தவருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லையென்றால் அந்த அவமானம் நகர அரசையே சேரும் என்பதை வாக்னர் காலத்து நகர மண்டபம் நன்கு அறிந்திருந்தது.

நியூயார்க்கைத் தொடர்ந்து பிட்ஸ்பர்க் நகரம் 1958 டிசம்பரில் இதே போன்ற சட்டம் செய்தது. மறு ஆண்டில் கொலராடோ, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஓரிகன் ஆகிய மாநிலங்கள் செய்தன. நாடு முழுவதற்குமான சட்டம் 1968 இல், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட சில நாட்களில் நிறைவேறியது. ஸ்டான்லி ஐசக்ஸ் 1962 இல் காலமானார். சமூகங்களிடை உறவுக் கமிஷன் நகர மனித உரிமைக் கமிஷன் என்று பெயர் மாற்றம் பெற்றதும் அதே ஆண்டில்தான். வேலை, கடை, உணவு விடுதி ஆகியவற்றிலும் புகார் கேட்கும் அதிகாரம் 1965 இல் அதன் கைக்கு வந்ததையும், எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் என்ற இளம் வழக்கறிஞர் 1970 இல் அதன் தலைமையை ஏற்றுப் பெரிய ஸ்தாபனங்களையெல்லாம் கூண்டிலேற்றியதையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)